சல்லடையில் நின்றவை

தருமபுரிப் பேருந்து நிலையத்துக்கு அருகில், ஒரு ஜவுளிக் கடையின் மாடியில், 2004 முதல் 2012 வரை ஆறு கணினிகளை வைத்து ஒரு பிரௌசிங் சென்டர் நடத்தினேன். தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் படிக்கட்டு வரைக்கும் கூட்டம் நிற்கும். மற்ற நாள்களில் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள், ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் அனுப்புபவர்கள், கட்டுரைக்குத் தகவல் தேடும் கல்லூரி மாணவர்கள் என்று மிதமான நடமாட்டம் இருக்கும். பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரி ஒருவர் ஒருநாள் மாடியேறி வந்து, “தம்பி, எம்பையன் இங்கதான் வர்றான். என்ன பாக்கறான், ஏது பாக்கறான்னு எனக்குத் தெரியாது. நீதாம்பா பாத்துக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கேட்டது நியாயம் என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. அந்த வாரமே நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு குறுந்தகட்டை வாங்கி, அதிலிருந்த வடிகட்டி மென்பொருளை ஆறு கணினிகளிலும் நிறுவினேன்.

அதன் வேலை எளிமையானது. சில நூறு ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் அதனுள் இருந்தது. அவற்றில் ஒன்று பக்கத்தின் முகவரியிலோ உள்ளடக்கத்திலோ தென்பட்டால் பக்கம் மறைந்து, இது தடைசெய்யப்பட்ட பக்கம் என்று அறிவிக்கும் சிவப்புப் பலகை திரை முழுக்க விரியும். அந்தப் பட்டியலை நான் ஒருமுறைகூட முழுமையாகப் படித்துப் பார்க்கவில்லை. யார் தயாரித்தார்கள் என்றும் எனக்குத் தெரியாது.

2006-ஆம் ஆண்டு, பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவி மூன்றாம் எண் கணினியில் அமர்ந்து எதையோ தேடினார். சற்று நேரத்தில் அவருடைய திரை சிவந்தது. பக்கத்து இருக்கைகளில் இருந்த இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து, உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகாத நிலையில் ஒரு மணி நேரக் கட்டணத்தை மேசைமேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் என் கடைக்கு வரவே இல்லை. அன்றிரவு கடையைச் சாத்தும் முன் மென்பொருளின் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். அவர் திறக்க முயன்றது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிய ஒரு பக்கம். தருமபுரி மாவட்டத்தின் பாலின விகிதத்தைத் தேடியிருக்கிறார். பாலினத்தைக் குறிக்கும் அந்த மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் பட்டியலின் முதல் வரிசையில் இருந்தது.

நம் மாவட்டத்தில் இதைவிட முக்கியமாகத் தேட வேண்டிய தகவல் அப்போது வேறு எதுவும் இருந்திருக்க முடியாது. 2001 கணக்கெடுப்பின்படி, இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள், ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தாம் இருந்தார்கள். 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இங்கேயும் விரிவாக்கப்பட்டதற்குக் காரணம், பிறந்த பெண் சிசுக்கள் கொல்லப்பட்டதுதான். கருவிலேயே பாலினத்தைக் கண்டறிந்து அழிப்பதற்கு எதிராக 1994-இல் சட்டமும் வந்திருந்தது. அந்த ஊரில் பிறந்து, உயிரோடு வளர்ந்து, கல்லூரிக்கும் வந்துவிட்ட ஒரு பெண், தன்னோடு பிறந்திருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் குறைந்தார்கள் என்று கேட்டபோது, நான் நிறுவிய ஒரு கருவி அவரை எல்லோர் முன்னிலையிலும் ஆபாசம் பார்க்க வந்தவராகக் காட்டிவிட்டது. தகவலை மறுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். அது அவர்மேல் குற்றம் சாட்டியது என்பதுதான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னை உறுத்துகிறது.

அவர் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்பதை நெடுநாள் யோசித்திருக்கிறேன். “அண்ணா, இது தவறாகத் தடுக்கப்பட்டிருக்கிறது” என்று சொல்ல வேண்டுமானால், தான் தேடிய சொல்லை அந்த அறையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். பத்தொன்பது, இருபது வயதுப் பெண் அதைச் சொல்லியிருக்க மாட்டார். அந்த எட்டு ஆண்டுகளில் வடிகட்டியைப் பற்றி ஒருவர்கூட என்னிடம் முறையிட்டதில்லை. முறையீடு வராததால் கருவி சரியாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தடுக்கப்பட்டவர் பேசமாட்டார் என்பதும், அவருடைய மௌனமே தடுத்தவருக்குச் சான்றிதழாகிவிடுகிறது என்பதும் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. 2011-இல் இணைய மையங்களுக்கென்று மத்திய அரசு விதிகளைக் கொண்டுவந்தபோது, இருக்கைத் தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது, வருகிறவரின் பெயர், முகவரி, வந்து போன நேரம் அனைத்தையும் எழுதிய பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். வடிகட்டி மென்பொருள் பொருத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். வடிகட்டி யாரிடமிருந்து எதைத் தடுத்தது என்று எழுதுவதற்கு அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டம் இல்லை.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. கடையை மூடிய பிறகு கணினி பழுதுபார்ப்பதே என் தொழில். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு படிப்பகம் திறந்திருக்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக நான்கு கணினிகளும் ஓர் இணைய இணைப்பும் வாங்கினார்கள். பிள்ளைகள் தவறான பக்கம் போய்விடாதபடி வடிகட்டி ஒன்றைப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அதே வேண்டுகோள், அதே நியாயம். இம்முறை உடனே சரி என்று சொல்ல என்னால் முடியவில்லை. நிர்வாகக் குழுவோடு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து பேசினேன். பேசியவற்றைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அம்மா கேழ்வரகு மாவைச் சலிக்கும்போது, சல்லடையின் மேல் நின்ற கப்பியைக் கையால் அளைந்து பார்ப்பார். கல் இருந்தால் எறிவார். உடையாத தானியம் இருந்தால் அது மறுபடியும் அரைக்கப் போகும். கப்பி மிகுந்தால் சல்லடையின் கண் சிறுத்துவிட்டது என்று அறிந்து வேறு சல்லடையை எடுப்பார். சலிப்பவர் நின்றதைப் பார்ப்பதால்தான் சலிப்பது ஒரு வேலையாகிறது. இணையத்தில் நாம் வைக்கும் சல்லடையில் நின்றதை யாரும் பார்ப்பதில்லை. சலிப்பவர் எங்கோ ஒரு நிறுவனத்திலோ அலுவலகத்திலோ இருக்கிறார். சாப்பிடுகிறவருக்கோ சலிக்கப்பட்டது என்பதே பல நேரங்களில் தெரியாது.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. முதல் ஞாயிறன்று குழுவினர் முன்னிலையிலேயே ஒரு சோதனை செய்து காட்டினேன். உலாவியில் இயங்கும் ஒரு வடிகட்டியில் நாமே சொற்களைச் சேர்க்கலாம். குழுவில் ஒருவர், ஆபாசக் கதைகளைத் தடுக்க ‘காமம்’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன், பெரிதாகப் பயனில்லை, ஏனென்றால் தமிழ்ச் சொல் வேற்றுமை உருபேற்கும்போதும் வேறு சொல்லோடு சேரும்போதும் உருமாறுகிறது: காமத்தை, காமத்தால், காமக்கதை. ஆகவே ‘காம’ என்ற பகுதியை மட்டும் இட்டோம். உடனே ஒரு தமிழ்ச் செய்தித்தளம் மறைந்தது. காமராசர் மறைந்தார். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ‘மா’ என்பது ‘ம’ என்ற குறியும் அதன்பின் கால் என்ற குறியுமாக இரண்டாக இருப்பதால், நம் கண்ணுக்குத் தெரியாத ‘காம’ காமாட்சியிலும் அதற்குத் தெரிகிறது. அதே போல காமெடியிலும் தெரிகிறது. இவற்றைக்கூட விலக்குப் பட்டியலில் சேர்த்துச் சமாளித்துவிடலாம். ‘கேட்காமல்’, ‘பார்க்காமல்’, ‘படிக்காமல்’ என்ற எதிர்மறை எச்சங்கள் ஒவ்வொன்றிலும் அந்த மூன்று குறிகள் அதே வரிசையில் இருக்கின்றன. ‘கேட்காமல்’ என்ற சொல் வராத தமிழ்க் கட்டுரையை எங்கே தேடுவது? திருக்குறளின் மூன்றாம் பால் 250 குறளோடும் போய்விடும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மட்டுமாவது விட்டுவைக்குமா என்று தமிழாசிரியர் ஒருவர் கேட்டார். கல்லாமை அதிகாரத்தில், பொருட்பாலில் உள்ள 402-ஆம் குறளை அவரிடமே திறந்து காட்டினேன். கல்லாதவன் அவையில் பேச ஆசைப்படுவதற்கு வள்ளுவர் சொன்ன உவமையில், இத்தகைய பட்டியல்களில் இடம்பெறக்கூடிய இரண்டு சொற்கள் வருகின்றன.

சொற்களை வைத்துத் தடுப்பது பழைய முறை, இன்றைய வடிகட்டிகள் பொருளைப் புரிந்துகொண்டு தடுக்கின்றன என்று சொல்வார்கள். அவை புரிந்துகொள்வது தமக்குக் கற்பிக்கப்பட்ட எடுத்துக்காட்டுகளைத்தான். ஆங்கிலத்துக்குக் கிடைத்த அளவில் தமிழுக்கு எடுத்துக்காட்டுகள் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றிலும் நம் மாவட்டத்துப் பேச்சு எத்தனை இருக்கும்? மார்பகப் புற்றுநோய் பற்றிய மருத்துவக் குறிப்பையும் தாய்ப்பால் பற்றிய அறிவுரையையும் பாலியல் தொல்லையைப் பற்றிப் புகார் செய்வது எப்படி என்ற விளக்கத்தையும் சரியாகப் பிரித்தறிகிறதா என்று ஒவ்வொரு கருவியையும் தமிழில் சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். விற்பவர் சொல்வதை வைத்து நம்பக் கூடாது.

குழுவில் மூத்தவர் ஒருவர், தடுக்கும் பட்டியலே வேண்டாம், நல்ல தளங்கள் இருபதை மட்டும் திறந்துவிட்டு மற்றதையெல்லாம் மூடிவிடலாம் என்றார். அதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. காஷ்மீரில் பல மாதங்கள் இணையம் முற்றாக முடக்கப்பட்ட பிறகு, 2020 ஜனவரியில் அனுமதிக்கப்பட்ட தளங்கள் என்று 153 முகவரிகளை வெளியிட்டார்கள்; சில நாள்களில் அதை 301 ஆக்கினார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத எதுவும் அங்கிருந்த மாணவருக்கு இல்லை. நமக்குத் தெரிந்த இருபது தளங்களுக்குள் நம் பிள்ளைகள் தேடப்போவது அத்தனையும் அடங்கும் என்று நாம் நினைப்பது, அவர்கள் நம்மைவிட அதிகம் தெரிந்துகொள்ளவே மாட்டார்கள் என்று முடிவு கட்டுவதாகும் என்று சொன்னேன். பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதை ஏற்றுக்கொண்டார்.

படிப்பகத்தின் வடிகட்டியை நாம் கட்டுப்படுத்தலாம். அதற்கு மேலே, இணையச் சேவை தரும் நிறுவனத்தின் வாசலில் ஒரு வடிகட்டி இருக்கிறது. அதைப் பற்றி இரண்டாம் ஞாயிறு முழுவதும் பேசினோம். ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரி என்ன என்று கணினி ஒரு பெயர்ச் சேவையகத்தைக் கேட்கிறது. நிறுவனம் அந்த இடத்தில் பொய்யான பதிலைக் கொடுத்துத் தடுக்கலாம். அல்லது எண் முகவரியையே மூடலாம். ஓர் எண்ணில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருப்பதால், இது ஒருவர் செய்த குற்றத்துக்குத் தெருவையே அடைப்பது போன்றது. ஆஸ்திரேலியாவில் 2013-இல் நிதி ஒழுங்குமுறை ஆணையம் ஒரு மோசடித் தளத்தின் எண்ணை மூடச் சொன்னபோது, அதே எண்ணிலிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அணைந்தன. மெல்போர்னில் இலவச வகுப்புகள் நடத்திவந்த ஒரு கல்வி அமைப்பின் தளமும் அவற்றில் ஒன்று.

இன்று பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி.எஸ். என்ற மறையாக்க முறையில் இயங்குகின்றன. நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது இடையிலிருப்பவருக்குத் தெரியும்; அந்தத் தளத்தில் எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம் என்பது தெரியாது. உறையின் மேலிருக்கும் ஊர்ப்பெயரை அஞ்சல்காரர் படிக்கலாம், உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்க முடியாது என்பது போல. வாசகருக்கு இது பெரும் பாதுகாப்பு. ஆனால் இதன் விளைவாக, சேவை நிறுவனத்தால் ஒரு பக்கத்தை மட்டும் தடுக்க இயலாது; தடுத்தால் தளத்தையே தடுக்க வேண்டும். இந்த ஒரு தொழில்நுட்ப உண்மையை நீதிமன்ற ஆணைகளை எழுதுபவர்களும் அரசுக் கோப்புகளில் கையெழுத்திடுபவர்களும் மனத்தில் வைத்திருக்கிறார்களா என்று எனக்கு எப்போதும் ஐயமுண்டு.

தளத்தையே மூடும் பழக்கம் மறையாக்கம் பரவுவதற்கு முன்பிருந்தே இங்கே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2006 ஜூலையில், மும்பை ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, சில முகவரிகளைத் தடுக்குமாறு தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட் என்ற வலைப்பதிவுத் தளம் முழுவதையும் மூடின. என் கடையில் தமிழ்ப் பதிவுகளைப் படிக்க வரும் இருவர் அந்த வாரம் திரும்பத் திரும்ப வந்து ஏமாந்தார்கள். சர்வர் வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று அவர்களிடம் சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். 2012-இல் இரண்டு திரைப்படங்களின் திருட்டுப் படிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற ஆணையைக் காட்டி விமியோ என்ற காணொளித் தளம் உள்ளிட்ட தளங்களையே மூடினார்கள். குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே தடுக்க வேண்டும் என்று ஜூன் மாதம் நீதிமன்றமே விளக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் 2017 ஆகஸ்டில், இரண்டு இந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றத்தில் பெற்ற ஆணையின் பட்டியலில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. இன்டர்நெட் ஆர்கைவ் அவற்றில் ஒன்று. அச்சில் கிடைக்காத பழைய தமிழ் நூல்களின் மின்படிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் நூலகம் அது. திருட்டுக் கடைகளின் பட்டியலில் ஒரு பொது நூலகத்தைச் சேர்த்துவிட்டு, அதைச் சரிபார்க்காமல் மூடியிருக்கிறார்கள். தாம் ஏன் மூடப்பட்டோம் என்பது அந்த நூலகத்தாருக்கே முதலில் தெரியவில்லை.

2025 பிப்ரவரியில் நடந்ததை நம்மில் பலர் நேரிலேயே பார்த்தோம். பிரதமரையும் அமெரிக்க அதிபரையும் வரைந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முழுவதும் பலருக்குத் திறக்காமல் போனது. வேளாண்மைக் குறிப்புகளும் மருத்துவத் தொடர்களும் அத்தனை ஆண்டுச் செய்திகளும் ஒரு சித்திரத்தோடு சேர்ந்து மறைந்தன. மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம், சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லித் தளம் மீண்டும் திறக்க வழிசெய்தது. அது பெரிய நிறுவனம், வழக்கறிஞரை வைத்துப் போராட முடிந்தது. அரூரில் இருந்துகொண்டு தன் ஊர் நடுகற்களைப் பற்றித் தளம் நடத்தும் ஒருவருக்கு இது நேர்ந்திருந்தால், சென்னைக்குப் போய் வழக்குத் தொடுப்பாரா? தளம் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்திருப்பார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று குழுவில் ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பிற நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக இணைய உள்ளடக்கத்தைத் தடுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில், புண்படுத்தும் செய்திகளை இணையத்தில் அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், இந்தப் பிரிவை மட்டும் செல்லும் என்றது. காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும், அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்ற பாதுகாப்புகள் இருக்கின்றன என்பதே அதற்கு நீதிமன்றம் சொன்ன நியாயம். ஆனால் 2009-இல் இயற்றப்பட்ட தடுப்பு விதிகளின் 16-ஆம் விதி, முறையீடுகளையும் எடுத்த நடவடிக்கைகளையும் கண்டிப்பாக இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. காரணத்தை எழுதி, எழுதியதைப் பூட்டிவைத்துவிட்டு, வேண்டுமானால் அதை எதிர்த்து வழக்குப் போடு என்று சொன்னால், எதை எதிர்த்துப் போடுவது? நாடாளுமன்றத்தில் எண்ணிக்கை மட்டும் சொல்கிறார்கள்: 2014-இல் 471 முகவரிகள், 2020-இல் 9,849. எவை என்று சொல்வதில்லை.

வரதட்சிணையைக் கேலி செய்து, மாப்பிள்ளையின் படிப்பையும் சம்பளத்தையும் இட்டால் விலை சொல்லும் ஒரு கணிப்பானைத் தனுல் தாக்கூர் என்ற செய்தியாளர் இணையத்தில் வைத்திருந்தார். 2018-இல் அது தடுக்கப்பட்டது. அரசு அதை வரதட்சிணையை ஊக்குவிப்பதாக எடுத்துக்கொண்டது. என்ன காரணம் என்று அறிந்துகொள்வதற்கே அவர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆணையின் படியை அவருக்குக் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 2022 மே மாதம்தான் நீதிமன்றம் பணித்தது. இதைப் படித்தபோது எனக்கு மூன்றாம் எண் கணினிதான் நினைவுக்கு வந்தது. பெண் குழந்தைகள் ஏன் குறைந்தார்கள் என்று கேட்டவருக்கு என் கடையில் சிவப்புப் பலகை. அதற்கு வேராக இருக்கும் வரதட்சிணையைச் சாடியவருக்கு அரசின் பூட்டு. தீமையைப் பற்றிப் பேசுகிறவரையும் தீமையைச் செய்கிறவரையும் கருவிக்கும் பிரித்தறியத் தெரியவில்லை, கோப்பு பார்த்தவருக்கும் தெரியவில்லை.

பாப்பாரப்பட்டியின் பெயரைச் சொல்லிவிட்டு சுப்பிரமணிய சிவாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பேசியதற்காக 1908-இல் சிறை சென்று, அங்கே தொழுநோயைப் பெற்று, அந்த நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறவும் தடுக்கப்பட்டு, கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்ற மனிதர் அவர். 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் இறந்தார். அவருடைய காலத்தில் எழுத்தை ஒடுக்க வந்தது 1910-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம். பாரதியின் இரண்டு சிறு நூல்கள் 1911-இல் பறிமுதலாணைக்கு ஆளாயின. அந்தக் கொடுமையான சட்டமும்கூட, ஒரு நூலையோ பத்திரிகையையோ பறிமுதல் செய்வதானால் அரசிதழில் அறிவிக்க வேண்டும், அறிவிப்பில் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று விதித்திருந்தது. உயர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கவும் இடமளித்தது. அந்த உரிமை பெயரளவுக்குத்தான் என்பதை 1913-இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் பத்திரிகையாசிரியர் முகமது அலி தொடுத்த வழக்கு காட்டிவிட்டது. இருந்தாலும், எது தடைசெய்யப்பட்டது என்ற பட்டியல் அரசிதழில் அச்சாகியிருந்ததால்தான் எவையெவை ஒடுக்கப்பட்டன என்று நூறாண்டு கழித்தும் நம்மால் அறிய முடிகிறது. 2020-இல் மட்டும் 9,849 முகவரிகள் என்கிறார்களே, அவற்றின் பட்டியலை நம் பேரப் பிள்ளைகள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்? அந்நிய அரசு தன் தடையாணையில் வெளிப்படையாகப் போட்ட கையெழுத்தை நம் அரசு போட மறுக்கிறது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

எல்லா வடிகட்டலையும் நான் எதிர்க்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கும் படங்களை அடையாளம் காண 2009-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் பேராசிரியர் ஹானி ஃபரீதும் உருவாக்கிய ஃபோட்டோ டி.என்.ஏ. என்ற மென்பொருள், ஏற்கெனவே சட்டத்துக்குப் புறம்பானது என்று உறுதியான ஒரு படத்தின் கைரேகை போன்ற குறியை வைத்து அதன் படிகளைக் கண்டுபிடிக்கிறது. சொல்லை ஊகிப்பதில்லை, நோக்கத்தை ஊகிப்பதில்லை. அத்தகைய தடுப்பை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். எனக்குக் கடினமாக இருப்பது வேறொன்று. கருவின் பாலினத்தைக் கண்டறியும் கருவிகளும் சேவைகளும் தேடுபொறிகளில் விளம்பரமாவதை எதிர்த்து சமூகச் செயற்பாட்டாளர் சாபு மேத்யூ ஜார்ஜ் 2008-இல் தொடுத்த வழக்கில், அத்தகைய சில தேடல் சொற்களைத் தாமாகவே தடுப்பதாக கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டன. தருமபுரிக்காரனாக, அந்த விளம்பரங்கள் ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 2011 கணக்கெடுப்பில் நம் குழந்தைப் பாலின விகிதம் 913 ஆக உயர்ந்ததற்குப் பின்னால் எத்தனை செவிலியர்களின், ஊழியர்களின் உழைப்பு இருக்கிறது என்பதை நேரில் பார்த்தவன். ஆனால் விளம்பரத்தைத் தடுப்பது ஒன்று, சொல்லைத் தடுப்பது வேறொன்று. அறிவைத் தேடும் உரிமைக்கு இது தடையல்ல என்று நீதிமன்றம் விளக்கமும் தந்தது. கருவிக்கு அந்த விளக்கத்தை யார் கற்றுத் தருவது? அதே சொற்களைத் தட்டி, அது குற்றமா, எங்கே புகார் செய்வது என்று தேடும் மருமகளும் இருக்கிறாள். இந்த இடத்தில் எனக்கு முழுத் தெளிவு இல்லை. தடுத்த சொற்கள் எவை என்று வெளிப்படையாக அறிவித்து, தடுக்கப்பட்ட இடத்தில் சட்டத்தையும் உதவி பெறும் வழியையும் காட்டினால் பாதிச் சிக்கலாவது தீரும் என்று மட்டும் நினைக்கிறேன்.

மூன்றாம் ஞாயிறன்று முடிவெடுத்தோம். நான்கு கணினிகளிலும் வடிகட்டி இருக்கும், ஆபாசத் தளங்கள், சூதாட்டத் தளங்கள், மோசடித் தளங்கள் என மூன்று வகைகளின் தளப் பெயர்களை மட்டும் அது தடுக்கும், சொற்பட்டியல் கிடையாது. எந்தப் பட்டியலைப் பயன்படுத்துகிறோம், யார் நிறுவியது என்பதை என் பெயரோடு அச்சிட்டுச் சுவரில் ஒட்டினோம். தடுக்கப்படும்போது சிவப்புப் பலகைக்குப் பதிலாக வெள்ளைத் திரையில் சிறிய எழுத்தில் சில வரிகள் வரும்: இந்தப் பக்கம் படிப்பகத்தின் வடிகட்டியால் தடுக்கப்பட்டது, இது தவறாகவும் இருக்கலாம், முகவரியை நோட்டில் எழுதிவையுங்கள், பெயர் எழுத வேண்டியதில்லை. நூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கி, நாளிதழ்கள் வைக்கும் மேசையில், யாரும் யாரையும் பார்க்காமல் எழுதக்கூடிய மூலையில் வைத்தோம். வாரம் ஒருமுறை நானோ தமிழாசிரியரோ ஒவ்வொரு முகவரியையும் திறந்து பார்த்து, எதிரே முடிவையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

முதல் மாதத்தில் ஏழு முகவரிகள் வந்தன. ஒன்று, பென்சிலால், மிகச் சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. திறந்து பார்த்தேன், மாதவிடாய் வலியைப் பற்றி மருத்துவர் ஒருவர் எழுதிய பக்கம். அதைத் திறந்துவிட்டு, எதிரே தேதியும் கையெழுத்தும் இட்டேன். இன்னொன்று ரம்மி விளையாட்டுத் தளம். பணம் வைத்து ஆடுவதால் திறக்க இயலாது என்று காரணம் எழுதினேன். அடுத்த வாரம் போனபோது அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் ஒரு கேள்வி இருந்தது: பணம் வைக்காமல் ஆடும் சதுரங்கத் தளம் ஒன்றும் திறக்கவில்லையே, அது ஏன்? தேடிப் பார்த்தபோது, நாங்கள் இறக்கிய பட்டியல் அதைச் சூதாட்ட வகையில் சேர்த்திருந்தது. அந்தத் தளத்தைத் திறந்துவிட்டேன். அதே பட்டியலை இன்னும் வைத்திருப்பதா, வேறொன்றைத் தேடுவதா என்பதை வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேச இருக்கிறோம். நோட்டில் அந்தக் கேள்வியை எழுதியவரும் விரும்பினால் வரலாம் என்று அதன் கீழேயே எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.